லொறியின் இழுவை: குதிரை வலுவை மட்டும் பார்த்து ஏமாறலாமா?

சரக்கு வியாபாரம் செய்யும் எவருக்கும் லொறி என்பது இரண்டாவது கடை போன்றது. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றுபவரானாலும் சரி, புறக்கோட்டையிலிருந்து கண்டிக்கும் பதுளைக்கும் துணியும் சில்லறைச் சாமானும் அனுப்புபவரானாலும் சரி, லொறி நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைய இலாபம் றோட்டிலேயே போய்விடும். ஆனால் கடைக்குச் சரக்கு வாங்கும்போது காட்டும் கவனத்தை லொறி வாங்கும்போதும் அதனைப் பராமரிக்கும்போதும் நம்மில் பலர் காட்டுவதில்லை.

நமது வர்த்தகர்கள் மத்தியில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சைப் பாருங்கள். சாரதி வந்து, "முதலாளி, ஏத்தத்துல வண்டி இழுக்குதில்ல. பெடலை மிதிச்சாலும் ஆறுதலாத்தான் எழும்புது. பம்பைக் கொஞ்சம் திறந்து எடுப்போம்" என்கிறார். முதலாளியும், "சரி, பாஸ்கிட்ட கொண்டுபோய்க் காட்டு" என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறார். மறுநாள் வண்டி இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் பின்னால் கரும் புகை. மாத முடிவில் டீசல் கணக்கு ஏறியிருக்கிறது. சில மாதங்களில் ஹெட் கெஸ்கட் அல்லது பிஸ்டன் போய்விடுகிறது. குறை எங்கே இருந்தது என்பது கடைசி வரை தெரியாமலே போகிறது.

டீசல் எஞ்சின் வலுவை எப்படித் தருகிறது, பெடலை மிதித்தவுடன் ஏன் சில வண்டிகள் உடனே பாய்கின்றன, சில வண்டிகள் ஏன் தயங்குகின்றன என்பதை ஒரு வியாபாரி தெரிந்து வைத்திருப்பது மெக்கானிக் வேலை பழகுவதற்காக அல்ல. தனது பணத்தைக் காப்பாற்றிக் கொள்வதற்காகவே.

இரண்டு இலக்கங்கள்

லொறி விற்பவர் முதலில் சொல்வது குதிரை வலுவை. 120, 150, 180 என்று இலக்கம் கூடக்கூட விலையும் கூடும். ஆனால் எஞ்சினுக்கு இன்னோர் இலக்கமும் உண்டு. அதுதான் 'டோர்க்' எனப்படும் முறுக்கு விசை. எஞ்சின் தண்டைத் திருப்பும் பலம் என்று இதனைச் சொல்லலாம். இறுகிப்போன போல்ட் ஒன்றை ஸ்பானர் போட்டுத் திருப்பும்போது கையால் கொடுக்கும் பலம் முறுக்கு விசை. அதே பலத்தோடு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை திருப்ப முடிகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வருவது வலு.

அதாவது, முறுக்கு விசையையும் சுற்று வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பதே குதிரை வலு. கணக்காகச் சொன்னால், நியூட்டன் மீற்றரில் உள்ள முறுக்கு விசையை நிமிடத்துக்கான சுற்றுகளால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். ஒரு கிலோவாட் என்பது சுமார் 1.36 குதிரை வலு.

நமது பாதைகளில் ஓடும் இசுசு எல்ஃப் வகை லொறிகளில் உள்ள 5.2 லீற்றர் 4எச்கே1 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு வகைக்கு 150 குதிரை வலு, 404 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை என்று குறிப்பிடப்பட்டுள்ளது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 404 என்பது 1500 சுற்றிலிருந்து 2600 சுற்று வரைக்கும் குறையாமல் கிடைக்கிறது என்பதே. ஆனால் வலு அப்படியல்ல. 1500 சுற்றில் இந்த எஞ்சின் தருவது ஏறத்தாழ 86 குதிரை வலு மட்டுமே. 2000 சுற்றில் 115. முழு 150உம் கிடைப்பது 2600 சுற்றுக்கு வந்த பிறகுதான்.

எனவே 150 குதிரை வலு வண்டி என்று சொல்லி வாங்கினாலும், சாரதி எந்தச் சுற்றில் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்து அவர் கையில் இருப்பது 86 ஆகவும் இருக்கலாம். அதேபோல, டர்போ இல்லாத பழைய எஞ்சின்களில் முழு வலுவும் 3000 சுற்றை அண்டியே வரும். இரண்டு லொறிகளின் குதிரை வலு ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் ஒன்று சுமையை இலேசாக இழுப்பதற்கும் மற்றது முக்கி முனகுவதற்கும் காரணம் இதுதான். உச்ச இலக்கத்தை விட, அது எந்தச் சுற்றில் தொடங்கி எந்தச் சுற்று வரை கிடைக்கிறது என்பதே வேலைக்கார வண்டிக்கு முக்கியம்.

பெடலை மிதித்தால் என்ன நடக்கிறது?

பெற்றோல் எஞ்சினில் எக்ஸிலேட்டரை மிதித்தால் காற்று வரும் வழியில் உள்ள கதவு திறக்கும். காற்றுக் கூடுவதற்கு ஏற்ப பெற்றோலும் கூடும். டீசல் எஞ்சினில் அப்படி இல்லை. காற்று பொதுவாகத் தடையின்றி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பெடல் கட்டுப்படுத்துவது டீசலின் அளவை மட்டுமே. நன்கு அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றுக்குள் டீசல் பீய்ச்சப்பட்டதும் அது தானாகவே தீப்பற்றிக் கொள்கிறது. ஜேர்மனியரான ருடோல்ஃப் டீசல் 1897இல் இயக்கிக் காட்டிய எஞ்சினிலிருந்து இன்று வரை அடிப்படை இதுவே.

அப்படியானால், பெடலை மிதித்தவுடன் டீசலைக் கூட்டிவிட்டால் வண்டி உடனே பாய வேண்டுமே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிவதற்குக் கணக்கின்படி ஏறத்தாழ 14.5 கிலோ காற்றுத் தேவை. சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் சீராகக் கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், புகையின்றி எரிய அதைவிடக் கணிசமாகக் கூடுதல் காற்று வேண்டும். காற்று இல்லாமல் டீசலை மட்டும் கூட்டினால், கூடுதலாகப் போன டீசல் வலுவாக மாறாது. கரியாக மாறி சைலன்சர் வழியே வெளியே போகும். ஆகவே டீசல் எஞ்சினின் வலுவுக்கு எல்லை போடுவது டீசல் அல்ல, காற்றே. இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் இலேசாக விளங்கும்.

டர்போவும் தாமதமும்

கூடுதல் காற்றை உள்ளே தள்ளுவதற்கே டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சில்லைச் சுழற்றி, அதே தண்டில் உள்ள மற்றச் சில்லால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புவது இதன் வேலை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அல்ஃபிரட் பியூக்கி என்ற பொறியியலாளர் 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். லொறி டர்போ ஒன்றின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலக்கூடியது.

எஞ்சின் ஆறுதலாக ஓடும்போது வெளியேறும் புகை குறைவு. எனவே டர்போவும் மெதுவாகவே சுழலும். அந்த நேரத்தில் சாரதி திடீரெனப் பெடலை அமுக்கினால் டீசலை ஒரு நொடியில் கூட்டிவிடலாம். ஆனால் டர்போ வேகம் பிடித்துக் காற்றைக் கொண்டுவர ஒன்றிரண்டு செக்கன்களாவது செல்லும். இந்த இடைவெளியைத்தான் சாரதிகள் "வண்டி யோசிக்குது" என்கிறார்கள். இது நோய் அல்ல. டர்போ எஞ்சினின் இயல்பு. ஆனால் முன்பு இல்லாத தாமதம் புதிதாகத் தோன்றினால் அது நோயின் அறிகுறி.

அந்த இடைவெளியில் கரும் புகை தள்ளாமல் இருப்பதற்காக, பழைய டர்போ எஞ்சின்களின் டீசல் பம்பில் ஒரு சிறிய தடுப்பு உண்டு. டர்போவின் காற்றழுத்தம் ஒரு மெல்லிய தகட்டை அமுக்கினால்தான் பம்ப் முழு டீசலையும் விடும். அழுத்தம் வரும் வரை டீசலைப் பிடித்து வைத்திருக்கும். இந்தத் தகடு கிழிந்தாலோ, அதற்குப் போகும் சிறு குழாய் வெடித்தாலோ பம்ப் முழு டீசலையும் ஒருபோதும் விடாது. வண்டி இழுக்காது. சில நூறு ரூபா குழாயைப் பார்க்காமல் பம்பைக் கழற்றுவது இப்படித்தான் தொடங்குகிறது.

பம்பைத் திறப்பதால் வரும் நட்டம்

'பம்பைத் திறப்பது' என்பது, கம்பனி போட்ட டீசல் எல்லையை ஸ்குரூவைத் திருப்பிக் கூட்டுவது. காற்று கூடுவதில்லை, டீசல் மட்டும் கூடுகிறது. காற்றில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் அந்த அளவுக்கு இழுவை கூடும் என்பது உண்மை. சாரதிக்குச் சந்தோஷமும் அதனால்தான். ஆனால் விலை கொடுப்பது முதலாளி.

முதலாவது, எரியாத டீசலுக்கும் நாமே காசு கொடுக்கிறோம். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல் 2022 ஜூன் மாத முடிவில் 460 ரூபாவாக ஏறியதை நாம் எவரும் மறக்கவில்லை. ஒவ்வொரு லீற்றருக்கும் வரிசையில் நின்ற காலத்திலும் புகையாகப் போன டீசல் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாவது, வெளியேறும் புகையின் சூடு கூடுகிறது. நீண்ட ஏற்றத்தில் அந்தச் சூடு பிஸ்டன் தலையையும் டர்போவையும் தின்றுவிடும். மூன்றாவது, கம்பனி கணக்கிட்டதை விடக் கூடுதலான முறுக்கு விசை கிளட்ச், கியர் பெட்டி, அச்சு ஆகியவற்றின் மேல் விழுகிறது. நான்காவது, வருடாந்த வருமான அனுமதிப் பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை. டீசல் வண்டிகளை நிறுத்தி வைத்துப் பெடலைத் திடீரென முழுதாக மிதித்தே அந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. திறந்த பம்ப் மாட்டிக்கொள்வது சரியாக அந்த இடத்தில்தான். சான்றிதழ் எடுப்பதற்காகப் பம்பை மூடி, பிறகு மீண்டும் திறப்பவர்கள் இரண்டு தடவை கூலி கொடுக்கிறார்கள்.

புதிய முறை: கொமன் ரெயில்

1995இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் ஹினோ லொறிகளில் கொமன் ரெயில் முறையை அறிமுகப்படுத்தியது. இம்முறையில் பம்ப் டீசலை ஒரு பொதுக் குழாய்க்குள் மிக உயர்ந்த அழுத்தத்தில் சேமித்து வைக்கிறது. எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கிறது. அழுத்தம் 1600 பார் அளவிலும் அதற்கு மேலும் போகும். டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 7 பார் என்பதை நினைத்தால் இதன் கடுமை விளங்கும்.

இதில் பெடலுக்கும் பம்புக்கும் இடையே கம்பியோ கேபிளோ இல்லை. பெடல் ஒரு மின் சமிக்ஞையை மட்டுமே அனுப்புகிறது. சாரதி கேட்கும் வலுவை, காற்றின் அளவு, சூடு, டர்போ அழுத்தம் எல்லாவற்றையும் பார்த்த பிறகே கணினி கொடுக்கிறது. ஏதேனும் ஒரு சென்சர் தவறான தகவல் தந்தால் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக வலுவை வேண்டுமென்றே குறைத்துவிடும். அப்போது வண்டி தவழ்ந்து ஓடும். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கும் எரியும். இந்த நிலையில் ஸ்பானரை எடுப்பவரை விட ஸ்கேனரை எடுப்பவரே நல்ல மெக்கானிக்.

இவ்வகை எஞ்சினுக்கு டீசலின் சுத்தம் உயிர் போன்றது. பம்புக்கும் நொசில்களுக்கும் டீசலேதான் வழுக்கும் எண்ணெய். மண்ணெண்ணெய் கலந்தாலோ தண்ணீர் சேர்ந்தாலோ அந்த வழுக்குத் தன்மை குறைந்து உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று இடம் தெரியாமல் டீசல் வாங்கி மிச்சம் பிடித்த பணம், ஒரு செட் நொசில் மாற்றும் செலவில் பல மடங்காகப் போய்விடும்.

கடுகண்ணாவையில் ஒரு கணக்கு

சுமையோடு சேர்த்து மொத்தம் 8,000 கிலோ எடையுள்ள லொறி ஒன்று நூற்றுக்கு 6 சரிவுள்ள ஏற்றத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 100 மீற்றர் போகும்போது 6 மீற்றர் உயர்கிறது. கடுகண்ணாவை போன்ற ஏற்றங்களை நினைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். ஏற்றம் வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை 8,000இல் நூற்றுக்கு 6, அதாவது 480 கிலோ. டயர் உருள்வதற்கான தடை நூற்றுக்கு ஒன்று என்று கொண்டால் 80 கிலோ. மொத்தம் 560 கிலோ.

மணிக்கு 40 கிலோ மீற்றர் என்பது செக்கனுக்கு 11.1 மீற்றர். 560ஐ 11.1ஆல் பெருக்கி 75ஆல் வகுத்தால் 83 குதிரை வலு. கியர் பெட்டியிலும் அச்சிலும் நூற்றுக்குப் பத்து வீதம் இழப்பு என்று கொண்டால் எஞ்சின் தர வேண்டியது 92 குதிரை வலு.

இப்போது நாம் மேலே பார்த்த எஞ்சினுக்குத் திரும்புவோம். சாரதி பெரிய கியரிலேயே 1500 சுற்றில் ஏற முயன்றால் கையில் இருப்பது 86. போதாது. பெடலை எவ்வளவு அமுக்கினாலும் வேகம் குறைந்துகொண்டே வரும். ஒரு கியர் குறைத்து 2000 சுற்றுக்குக் கொண்டுவந்தால் 115 கிடைக்கும். தேவையான 92ஐ விட 23 மிச்சம். அதே லொறி, அதே சுமை, அதே பம்ப். மாறியது கியர் மட்டுமே.

சுமையை 2,000 கிலோ கூட்டி மொத்தம் 10,000 ஆக்கினால் என்ன நடக்கும்? அதே கணக்கில் தேவை 115 ஆகிவிடும். 2000 சுற்றில் உள்ள வலு முழுவதும் அதற்கே போய்விடும். கையிருப்பு பூச்சியம். முன்னால் ஒரு முச்சக்கர வண்டி பிரேக் பிடித்தால் மீண்டும் வேகம் எடுக்க எதுவும் மிச்சமில்லை. 'வண்டி இழுக்குதில்ல' என்ற முறைப்பாட்டின் பாதிக் காரணம் எஞ்சினில் இல்லாமல் சுமையிலும் இருக்கக்கூடும் என்பதை முதலாளிமார் மறக்கக் கூடாது.

மேலே போகப் போக காற்றும் குறையும். சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கொழும்பை விட நூற்றுக்கு 15 வீதத்துக்கும் மேல் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு வலுவை இழக்கும். அதே டீசலைத் தொடர்ந்து பீய்ச்சினால் புகையும் தள்ளும். கொழும்பில் சுத்தமாக ஓடும் வண்டி மலையகத்தில் புகைப்பதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. டர்போ வண்டி இந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்துகொள்ளும். மலையகத்துக்கு அடிக்கடி சரக்கு அனுப்புபவர்களுக்கு டர்போ ஆடம்பரம் அல்ல.

கராஜுக்குப் போகுமுன்

வண்டியின் பாய்ச்சல் குறைந்தால் மலிவான விடயத்திலிருந்து விலை கூடிய விடயத்துக்குப் போவதே சரியான ஒழுங்கு.

முதலில் எயார் பில்டர். தூசு நிறைந்த பாதையில் ஓடும் வண்டிக்குக் கம்பனி சொன்ன காலத்துக்கு முன்னரே அது அடைத்துவிடும். காற்றுத்தான் வலு என்று பார்த்தோம். அடைத்த பில்டர் என்பது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது போன்றது.

இரண்டாவது டீசல் பில்டர். காற்றுக் குறைந்தால் கரும் புகையோடு இழுவை குறையும். டீசல் குறைந்தால் புகை இல்லாமலே இழுவை குறையும். இந்த ஒரு வித்தியாசத்தைச் சாரதியிடம் கேட்டாலே குறை எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால் டீசல் லைனில் காற்று புகுவதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, டர்போவிலிருந்து இன்டர்கூலர் ஊடாக எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களும் கிளிப்புகளும். பெடலை மிதிக்கும்போது 'உஸ்' என்று காற்று போகும் சத்தமும், மூட்டு வாயில் ஒயில் கசிவும் இருந்தால் டர்போ அழுத்திய காற்று வழியிலேயே தப்பிப் போகிறது என்று பொருள்.

நான்காவது, ஜப்பானிலிருந்து வந்த பாவித்த லொறிகளில் உள்ள புகை வடிகட்டி. கிட்டிய கிட்டிய தூரம் ஓடி நிறுத்தும் நகர வண்டிகளில் இது சூடேறித் தன்னைத்தானே சுத்தம் செய்ய வாய்ப்பின்றிக் கரியால் அடைத்துக்கொள்ளும். வாயடைத்த எஞ்சினால் மூச்சுவிட முடியாது. சுத்திகரிப்பு விளக்கு எரிந்தால் சாரதி அதைப் பொருட்படுத்தாமல் ஓடக் கூடாது.

இவை எல்லாம் சரி என்றால் மட்டுமே நொசில், டர்போ, பம்ப் என்று போக வேண்டும்.

சாரதியின் கால்

நல்ல சாரதி ஏற்றம் தொடங்கிய பிறகு அல்ல, தொடங்குமுன் கியரைக் குறைப்பார். சுற்று விழுந்த பின் குறைத்தால் டர்போவும் விழுந்துவிடும். மீண்டும் எழும்ப நேரமெடுக்கும். குறைந்த சுற்றில் பெடலை முழுதாக அமுக்கி எஞ்சினைத் திணறடிப்பது டீசலை மிச்சம் பிடிப்பது அல்ல. பெயாரிங்குகளையும் பிஸ்டனையும் செலவழிப்பது. நீண்ட ஏற்றம் ஏறி வந்தவுடன் எஞ்சினை அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓட விட்டால் டர்போவின் சூடு இறங்கும். இல்லாவிட்டால் அதனுள் உள்ள ஒயில் கருகிப் பெயாரிங்கைக் கெடுக்கும். சாரதிக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதற்குச் செலவில்லை. டீசல் கணக்கைக் குறைத்துக் காட்டும் சாரதிக்கு ஒரு சிறு தொகையை ஊக்குவிப்பாகக் கொடுப்பதும் நட்டமில்லாத முதலீடாகும்.

வாங்கும்போது

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிகளே கைமாறிக் கைமாறி ஓடின. அவற்றில் எத்தனை பம்ப் திறக்கப்பட்டவை என்பதை எவரும் எழுதி ஒட்டுவதில்லை. எனவே பாவித்த லொறி பார்க்கப் போகும்போது வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. முடிந்தால் சுமையோடு ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். பெடலை மிதித்ததும் ஒரு கணம் மட்டும் இலேசான புகை வந்து மறைந்தால் அது இயல்பு. தொடர்ந்து கரும் புகை வந்தால் பம்ப், நொசில் அல்லது காற்றில் குறை. நீலப் புகையானால் ஒயில் எரிகிறது. பம்பின் ஸ்குரூவில் கம்பனி போட்ட சீல் உடைந்திருக்கிறதா என்று தெரிந்த ஒருவரைக் கொண்டு பாருங்கள். கொமன் ரெயில் வண்டியானால் ஸ்கேனர் போடாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

குதிரை வலு என்ற ஒரே இலக்கத்தைக் காட்டி விலை சொல்பவரிடம், "இதன் முறுக்கு விசை எத்தனை, எத்தனையாம் சுற்றிலிருந்து கிடைக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தராசின் முள்ளைப் பார்க்காமல் நாம் எவரும் சரக்கு வாங்குவதில்லை. பல இலட்சம் கொடுத்து வாங்கும் லொறிக்கும் அதே பழக்கத்தைக் கடைப்பிடித்தால், அடுத்த முறை சாரதி வந்து பம்பைத் திறப்போம் என்று சொல்லும்போது, "முதலில் பில்டரைக் கழற்றிக் காட்டு, எத்தனை கிலோ ஏற்றினாய் என்றும் சொல்லு" என்று கேட்க நம்மால் முடியும்.